வெளியில் எடுத்தால் மட்டும் படம் வெளுக்கிறது: கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாகக் கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். ஒரு மாதமாக வெளியில் எடுக்கிற படமெல்லாம் வெளுத்து வருகிறது. வானம் வெறும் வெள்ளை, முகத்தில் நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு பூசியது போல. வீட்டுக்குள் எடுத்தால் ஓரளவு சரியாக இருக்கிறது. ஆட்டோவில் வைத்தாலும் அதேதான். ரீசெட் செய்து பார்த்தாயிற்று, மாறவில்லை. சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) போய்விட்டதா, வேறு கேமராதான் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதற்கு முந்தைய கேள்வி என்று நினைக்கிறேன். தப்பு செட்டிங்கிலா, கேமராவின் உறுப்பிலா? உறுப்பு என்றால் பாடியிலா (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), லென்ஸிலா? இதை வீட்டிலேயே, செலவில்லாமல், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். நான் இருபது வருடமாகப் படம் எடுக்கிறேன், அதில் பாதிக் காலம் பழுது பார்க்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த அறிகுறியோடு என்னிடம் வந்த கேமராக்களில் சென்சார் கெட்டிருந்ததாக ஒன்றுகூட நினைவில்லை. அதனால் புதுக் கேமரா பற்றிய யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சென்சார் கெட்டால் படம் இப்படி ஒழுங்காக வெளுக்காது. கோடு கோடாக வரும், ஊதாவோ பச்சையோ படரும், படமே உருக்குலைந்து போகும், இல்லையென்றால் முழுக் கறுப்பாக வரும். 2005-இல் சோனி தயாரித்த ஒரு வகை சிசிடி சென்சார்களில் குறை இருப்பது தெரியவந்து, அவற்றை வாங்கிப் பொருத்தியிருந்த பல கேமரா நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தக் கேமராக்களிலும் படம் சிதைந்தோ கறுத்தோதான் வந்தது. வீட்டுக்குள் சரி, வெளியில் வெளுப்பு என்று இடம் பார்த்துக் கெடுகிற பழக்கம் சென்சாருக்குக் கிடையாது.

உங்கள் கேள்வியிலேயே மிக நல்ல தடயம் அதுதான்: உள்ளே சரி, வெளியே வெளுப்பு. இது ஏன் முக்கியம் என்று புரிய, டிஎஸ்எல்ஆர் எப்படி வெளிச்சத்தை அளக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நீங்கள் வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் ஓட்டை, முழுதாகத் திறந்தே இருக்கும். திறந்த லென்ஸ் வழியாகவே மீட்டரும் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) அளக்கிறது. எஃப் எண் என்பது அந்த ஓட்டையின் அளவு, எண் பெரிதானால் ஓட்டை சின்னது. எஃப் 11 என்று முடிவானால், 'எஃப் 11-க்குச் சுருங்கினால் இவ்வளவு வெளிச்சம் குறையும்' என்று கேமரா கணக்குப் போட்டு ஷட்டர் வேகத்தை, அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை, தீர்மானித்துவிடும். நீங்கள் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில்தான் ஓட்டையைச் சுற்றி இருக்கும் மெல்லிய பிளேடுகள் சட்டென்று சுருங்கி, படம் பதிந்ததும் மறுபடி விரியும். பிளேடுகள் நிஜமாகவே சுருங்கினவா என்று கேமரா திரும்பிப் பார்ப்பதில்லை. சுருங்காமல் விறைத்து நின்றுவிட்டால், எஃப் 3.5 அளவுக்குத் திறந்த ஓட்டை வழியாக எஃப் 11-க்குக் கணக்கிட்ட நேரம் முழுவதும் வெளிச்சம் கொட்டும். படம் வெளுக்கும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, அங்கே ஆட்டோ எப்படியும் லென்ஸை முழுதாகத் திறந்துதான் எடுக்கும். சுருங்க வேண்டிய வேலையே பிளேடுகளுக்கு இல்லை. அதனால் அங்கே குறை தெரிவதில்லை.

ஆக, என் முதல் சந்தேகம் லென்ஸின் அப்பர்ச்சர் பிளேடுகள் மேல். இரண்டாவது சந்தேகம் ஷட்டர் மேல், ஏனென்றால் அதுவும் வெளியே வேகமாகவும் உள்ளே மெதுவாகவும் வேலை செய்கிற உறுப்பு. இவை சந்தேகங்கள்தான். படங்களைப் பார்க்காமல், கேமராவைத் தொடாமல் இதற்கு மேல் உறுதியாகச் சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும். ஆனால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற சோதனை உறுதியானது, அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் ஆட்டோ என்று சொல்வது எது? டயலில் பச்சை நிறத்தில் இருக்கும் முழு ஆட்டோவா, பி (ஷட்டரையும் அப்பர்ச்சரையும் கேமரா தேர்ந்தெடுப்பது) அல்லது ஏ (அப்பர்ச்சரை நாம் வைப்பது) என்று போட்டிருக்கும் இடமா? நிறையப் பேர் பி-யையும் ஆட்டோ என்றுதான் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இந்த விசாரணைக்கு அது பெரிய வித்தியாசம். முழு ஆட்டோவில் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்கள் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொன்னதைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது), ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளப்பது), நீங்கள் வைத்த ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) எதையும் கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும். பச்சை ஆட்டோவிலும் வெளுக்கிறது என்றால் செட்டிங் மேல் இருக்கும் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பி, ஏ, எஸ் (ஷட்டர் வேகத்தை நாம் வைப்பது) போன்றவற்றில் மட்டும்தான் என்றால் செட்டிங் இன்னும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது, இது உண்மையிலேயே ஓவர் எக்ஸ்போஷர்தானா? வெளுப்பில் இரண்டு வகை உண்டு. வெளிச்சம் அதிகமாகப் பாய்ந்து வெள்ளையாவது ஒன்று. லென்ஸின் முன் கண்ணாடியில் விரல் ரேகை, உள்ளே பூஞ்சை, குளிரான அறையிலிருந்து வெளியே வந்ததும் படியும் ஈரம் இவற்றால் படம் முழுவதும் பனிமூட்டம் போட்டது போல ஆவது இன்னொன்று. ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள், படத்தில் இருட்டு எவ்வளவு என்று இடது பக்கத்திலும் வெளிச்சம் எவ்வளவு என்று வலது பக்கத்திலும் காட்டும் வரைபடம் அது. முதல் வகையில் வரைபடம் வலது ஓரச் சுவரில் போய் இடித்துக் குவிந்து நிற்கும். இரண்டாம் வகையில் மேடு நடுவில் திரண்டு, இடது பக்கம் காலியாக இருக்கும். அதாவது படத்தில் கறுப்பு என்று எதுவுமே இருக்காது, தலைமுடிகூடச் சாம்பலாகத் தெரியும். கேமராவின் பின்திரையை மட்டும் நம்ப வேண்டாம். திரையின் பிரகாசத்தைக் கூட்டி வைத்திருந்தால் நல்ல படமும் வெளுத்துத்தான் தெரியும், இருட்டில் பார்த்தால் இன்னும் மோசம். ஹிஸ்டோகிராமுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் குவிகிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வெளுத்த படம் ஒன்றின் எக்சிஃப் விவரத்தை, அதாவது படக் கோப்போடு கேமரா எழுதி வைக்கும் குறிப்பை, பாருங்கள். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் அதில் இருக்கும். நல்ல வெயிலில் எவ்வளவு எக்ஸ்போஷர் வேண்டும் என்பதற்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு, 'சன்னி 16' என்பார்கள். நிழல் கூர்மையாக விழும் வெயிலில், வெளிச்சம் நேராக விழும் பொருளுக்கு, அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 அல்லது 1/125 நொடி. இந்தக் கணக்கு எந்தக் கேமராவின் மீட்டரையும் சார்ந்ததில்லை, சூரியனைச் சார்ந்தது. மீட்டரையே சந்தேகிக்கும்போது மீட்டரிடமே கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அதனால்தான் இதன் துணை தேவைப்படுகிறது.

எக்சிஃபில் இருக்கும் எண்கள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, உதாரணமாக வெயிலில் எடுத்த படத்தில் ஐஎஸ்ஓ 3200, எஃப் 5.6, 1/60 என்று இருந்தால், கேமரா சொன்னபடிதான் செய்திருக்கிறது, சொன்னதுதான் தப்பு. ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 5.6-க்கு 1/1000 நொடி போதும் என்ற இடத்தில், ஷட்டரில் நாலு ஸ்டாப், ஐஎஸ்ஓவில் ஐந்து ஸ்டாப் என்று ஒன்பது ஸ்டாப் கூடுதல். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு என்பதால் ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஆனால் எக்சிஃபில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/250 என்று கணக்குப்படி சரியாக இருந்தும் படம் வெளுத்திருந்தால், கொடுத்த உத்தரவு நிறைவேறவில்லை. எக்சிஃபில் பதிவாவது கேமரா கொடுத்த உத்தரவு மட்டும்தான். பிளேடு பாதியில் நின்றாலும் எஃப் 11 என்றுதான் எழுதும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இப்போது சோதனை. மேகமில்லாத நேரம், சூரியன் நன்றாக மேலேறிய பிறகு, வெயில் நேராக விழும் ஒரு செங்கல் சுவரையோ மரத்தின் அடிப்பகுதியையோ தேர்ந்தெடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கேமராவை எம் என்ற மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100. ஆட்டோ ஐஎஸ்ஓவைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேனுவலிலும் அது உள்ளே புகுந்து எண்ணை மாற்றிவிடும். ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸை 18-இல், அதாவது அகலமான முனையில் வையுங்கள். இப்போது ஒரே இடத்தில் நின்று ஐந்து படங்கள். எஃப் 4-இல் 1/2000, எஃப் 5.6-இல் 1/1000, எஃப் 8-இல் 1/500, எஃப் 11-இல் 1/250, எஃப் 16-இல் 1/125. ஒவ்வொரு முறையும் ஓட்டை பாதியாகிறது, நேரம் இரட்டிப்பாகிறது. உள்ளே போகும் மொத்த வெளிச்சம் ஐந்திலும் ஒன்றுதான். எனவே ஐந்து படங்களும் ஒரே பிரகாசத்தில் வர வேண்டும்.

ஐந்தும் ஒரே மாதிரி, நன்றாகவே வந்தால் லென்ஸும் ஷட்டரும் சென்சாரும் நலம். பிரச்சினை மீட்டரிலோ செட்டிங்கிலோ இருக்கிறது. முதல் படம் சரியாக இருந்து, போகப்போக வெளுத்துக்கொண்டே போய், எஃப் 16 படம் வெறும் வெள்ளையாக வந்தால் பிளேடு சுருங்கவில்லை. முழுதாகத் திறந்தே நின்றிருந்தால் கடைசிப் படத்தில் நாலு ஸ்டாப்புக்கு மேல், பதினாறு மடங்குக்கும் கூடுதலாக வெளிச்சம் புகுந்திருக்கும். பார்த்ததுமே தெரியும், சந்தேகத்துக்கு இடமிருக்காது. இதற்கு எதிர்மாறாக, வேகமான முதல் படங்கள் வெளுத்தோ, ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வெளுத்தோ வந்து, மெதுவான கடைசிப் படம் சரியாக இருந்தால் ஷட்டர் திரை சொன்ன நேரத்துக்கு மூடவில்லை. ஐந்தும் ஒரே அளவுக்கு வெளுத்தால் அது அபூர்வம். முதலில் ஐஎஸ்ஓ உண்மையில் 100-இல்தான் இருந்ததா என்று எக்சிஃபில் பாருங்கள்.

பிளேடு என்று முடிவு வந்தால் அதைக் கண்ணாலேயே பார்த்தும் உறுதி செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை. அறைக்குள் கேமராவை மேசை மேல் வையுங்கள். மேனுவலில் எஃப் 16, ஷட்டர் 4 நொடி. ஃபோகஸையும் கையால் என்பதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபோகஸ் கிடைக்காமல் கேமரா படமெடுக்க மறுக்கலாம். பொத்தானை அழுத்திவிட்டு லென்ஸின் முன்பக்கமாக உள்ளே பாருங்கள். நாலு நொடியும் நடுவில் ஒரு சின்னப் பலகோண ஓட்டை மட்டும் தெரிய வேண்டும். நொடி முடிந்ததும் அது விரிய வேண்டும். பெரிய வட்டமாகவே திறந்து கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இதை ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். ஒட்டிக்கொள்ளும் பிளேடு எல்லா நேரமும் ஒட்டாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு எடுக்கும் முதல் படத்தில் ஒட்டும், நாலைந்து முறை அசைந்ததும் இளகிவிடும். 'முதல் படம் மட்டும் வெளுக்கிறது, அடுத்தது சரியாகிறது' என்று யாராவது சொன்னால் நான் நேராக லென்ஸைத்தான் கையில் எடுப்பேன்.

பிளேடு ஏன் ஒட்டுகிறது? பெரும்பாலும் எண்ணெய்தான். ஃபோகஸ், ஜூம் வளையங்கள் வழுவழுப்பாகச் சுழல உள்ளே கிரீஸ் போட்டிருப்பார்கள். லென்ஸ் அதிகச் சூட்டில், உதாரணமாக வெயிலில் நிறுத்திய காருக்குள், நெடுநேரம் கிடந்தால் அந்தக் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து மெல்ல ஊர்ந்து பிளேடுகள் மேல் படியும். என்னிடம் வந்த ஒரு லென்ஸ் நன்றாக நினைவிருக்கிறது. கொண்டுவந்த பெண்ணிடம் வேறொரு இடத்தில் சென்சாரை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். ஏழு பிளேடுகளில் மூன்றின் ஓரம் ஈரம் பட்டது போல மின்னியது. பிளேடுகளை அசைக்கும் பின்பக்கத்து நெம்புகோலை விரல் நுனியால் தள்ளி விட்டேன். நல்ல லென்ஸில் விட்ட கணமே பிளேடுகள் கண் இமைப்பது போல மூடிக்கொள்ளும். இதில் நாம் பார்க்கப் பார்க்க மெதுவாக வந்து, முக்கால்வாசியில் நின்றுவிட்டது. கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலையை அந்த லென்ஸ் ஒரு முழு நொடி எடுத்தும் முடிக்கவில்லை. சுத்தம் செய்து கொடுத்த பிறகு அதே கேமராவில் படம் கண்ணாடி போல வந்தது. சென்சாருக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் சேர்த்த பணத்தை எண்ணிப் பார்த்தால் இன்றும் மனசு கனக்கிறது, இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெம்புகோல் சோதனை எல்லா லென்ஸுக்கும் பொருந்தாது. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் லென்ஸ்களில் பலவற்றில் அந்த நெம்புகோல் உண்டு, பாடியில் இருக்கும் இன்னொரு நெம்புகோல் அதை இயக்கும். எனவே நிக்கானில் குறை பாடியின் நெம்புகோல் வளைந்ததாலோ தேய்ந்ததாலோகூட இருக்கலாம். கேனானின் இஎஃப் லென்ஸ்கள் 1987-இல் வந்ததிலிருந்தே பிளேடுகளை மின்சாரத்தால்தான் இயக்குகின்றன, தள்ளிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. லென்ஸா பாடியா என்று பிரிக்க மிகச் சுலபமான வழி, தெரிந்தவரிடம் வேறு லென்ஸ் வாங்கி இதே ஐந்து படங்களை எடுப்பது. அந்த லென்ஸில் சரியாக வந்தால் உங்கள் லென்ஸ்தான் குற்றவாளி. அதிலும் வெளுத்தால் பாடி. அப்படியே லென்ஸைக் கழற்றியதும் பின்னாலிருக்கும் பொன்னிறத் தொடுபுள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். அழுக்கு படிந்து தொடர்பு முழுதாக அறுந்தால் நிக்கான் அப்பர்ச்சர் எண்ணின் இடத்தில் கோடுகளைக் காட்டும், கேனான் 00 என்று காட்டும். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை என்றாலும் துடைப்பதில் நஷ்டமில்லை.

ஐந்து படமும் சரியாக வந்து, பி-யிலோ ஏ-யிலோ மட்டும் வெளுக்கிறவர்களுக்காகச் செட்டிங் பக்கத்தையும் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான். பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் அது அப்படியே நிற்கும். டயலாகவே மேலே வைத்திருக்கும் கேமராக்களில் பைக்குள் உரசியே திரும்பிவிடும், அந்த டயலை எந்த ரீசெட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அப்புறம் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியைக் கேமராவே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுக்கும் அமைப்பு. மூன்று படத்துக்கு ஒன்று சரி, ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு என்று ஒழுங்காக மாறி மாறி வந்தால் அதுதான். பழைய கேமரா வாங்கியவர்களுக்கு இன்னொன்று. நிக்கானின் நடுத்தர, உயர்தர பாடிகளில் மீட்டரையே நிரந்தரமாகக் கூட்டிக் குறைத்து வைக்கும் அமைப்பு கஸ்டம் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. எக்ஸ்போஷரை நுணுக்கமாகச் சரிசெய்வதற்கென்று வைத்தது. அதை மாற்றி வைத்திருந்தால் திரையில் எந்தக் குறியும் தோன்றாது, இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திச் செய்யும் ரீசெட்டும் அதைத் தொடாது. முன்பு வைத்திருந்தவர் தன் விருப்பத்துக்கு மாற்றி வைத்திருந்தால் புதிதாக வாங்கியவர் காரணம் தெரியாமல் தவிப்பார்.

ஐஎஸ்ஓவும் அடிக்கடி மாட்டிவிடும். முந்தின நாள் இரவு 3200-இல் எடுத்துவிட்டு, மறுநாள் வெயிலில் ஏ-யில் எஃப் 5.6 வைத்து எடுத்தால், கேமராவுக்கு 1/32000 நொடி தேவைப்படும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் 1/4000-க்கு மேல் போகாது. மூன்று ஸ்டாப் வெளுப்பு நிச்சயம். எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய புதிதில் பலருக்கு வெயிலில் நடப்பதும் இதே கதைதான். ஐஎஸ்ஓ 100-இல்கூட எஃப் 1.8-க்குச் சுமார் 1/10000 வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வ்யூஃபைண்டரில் ஷட்டர் எண் மினுக்கும், அல்லது ஹை என்று எழுதிக் காட்டும். கேமரா கத்திச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, நாம்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எஃப் எண்ணைக் கூட்டலாம், இல்லை வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடலாம். வெளியில் ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்கும் இப்படியே. ஃபிளாஷ் எழும்பியதும் ஷட்டர் வேகம் பெரும்பாலான கேமராக்களில் 1/200, 1/250 பக்கத்தில் முட்டி நின்றுவிடும்.

கேமராவிலும் செட்டிங்கிலும் குறையே இல்லாமல் வெளுக்கிற படங்களும் உண்டு. கறுப்புத் திரைக்கு முன்னால், மேடை விளக்கில் நிற்கும் ஒருவரை எடுத்துப் பாருங்கள். மீட்டருக்கு மனிதர் தெரியாது, மேடை தெரியாது. பார்த்ததெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கும். படச் சட்டத்தில் (ஃபிரேமில்) முக்கால்வாசி கறுப்பு என்றால், அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கும் வரை வெளிச்சத்தைக் கூட்டும், அந்த வேகத்தில் முகம் வெந்துவிடும். 1983-இல் நிக்கான் எஃப்ஏ வந்தபோது சட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் முறை வந்தது. இன்றைய கேமராக்கள் அதில் வெகுதூரம் முன்னேறிவிட்டன, முகத்தைக்கூட அடையாளம் கண்டு அளக்கின்றன. இருந்தாலும் அகன்ற இருட்டுக்கு நடுவே சின்ன வெளிச்சம் என்றால் இன்னும் தடுமாறத்தான் செய்கின்றன. அங்கே காம்பன்சேஷனை ஒன்று, ஒன்றரை குறைத்து எடுங்கள். முகத்தில் ஸ்பாட் மீட்டரிங் வைத்தும் அளக்கலாம், ஆனால் ஸ்பாட்டை வைத்துவிட்டு மறந்தால் அடுத்த நாள் அது யாருடைய கறுப்புத் தலைமுடியையோ அளந்து படத்தை வெளுக்க வைக்கும். மீட்டர் நலமா என்று தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், பி-யில் வைத்து ஒரே நிறச் சுவரைச் சட்டம் முழுக்க நிரப்பி எடுங்கள். சுவர் வெள்ளையோ கருநீலமோ, ஹிஸ்டோகிராமின் மேடு ஏறக்குறைய நடுவில் நின்றால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது.

சின்ன காம்பாக்ட் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. திரையில் காட்சி நன்றாகத் தெரிகிறது, வீடியோவும் சரி, படம் மட்டும் வெளியில் வெள்ளையாகவும் சில சமயம் கோடுகளோடும் வருகிறது என்றால், லென்ஸுக்குள் இருக்கும் குட்டி ஷட்டர் மூடாமல் நிற்கிறது. அதைச் சரிசெய்வது பெரும்பாலும் கேமராவின் விலைக்குத் தகாத வேலை.

ஏற்கெனவே வெளுத்த படங்களைக் காப்பாற்ற முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஜேபெக்கில் முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில், அதாவது மூன்று நிறமும் 255-ஐத் தொட்ட இடத்தில், மீட்க எதுவும் இல்லை. எந்த மென்பொருளும் அங்கே வெள்ளையைச் சாம்பலாக்கத்தான் முடியும், விவரம் திரும்பாது. ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும்) கோப்பாக இருந்தால் ஒரு ஸ்டாப் அளவுக்கு, சில நேரம் கொஞ்சம் கூடுதலாகவும் மீட்கலாம். அதனால் கோளாறு தீரும் வரையாவது ராவில் எடுங்கள். பிளேடுதான் என்று தெரிந்துவிட்டால் அதுவரை கேமராவை மூடி வைக்கவும் வேண்டாம். ஏ-யில் வைத்து, லென்ஸின் மிகச் சின்ன எஃப் எண்ணிலேயே எடுங்கள். பிளேடு சுருங்க வேண்டிய அவசியம் இல்லாததால் வெயிலிலும் எக்ஸ்போஷர் சரியாக வரும். 18-இல் எஃப் 3.5, ஐஎஸ்ஓ 100 என்றால் 1/2500 பக்கம் போதும், உங்கள் ஷட்டர் அதைத் தாங்கும். பின்னணி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

நீங்களே லென்ஸைத் திறக்க முயலாதீர்கள். பிளேடுகள் காகிதம் போல மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் மறுபடி சேராது. சந்து வழியாக எண்ணெய் விடுவதும் ஸ்ப்ரே அடிப்பதும் நிலைமையை இன்னும் மோசமாக்கும், ஒட்டக் காரணமே எண்ணெய்தானே. பாடியைத் திறப்பது அதைவிட ஆபத்து. ஃபிளாஷுக்காக உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் சில நேரம் அது இறங்காது. கிட் லென்ஸ் என்பதால் சுத்தம் செய்யும் கூலியையும் நல்ல நிலையில் உள்ள பழைய லென்ஸ் ஒன்றின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல நேரம் இரண்டாவதுதான் லாபம்.

பழுது பார்க்கக் கொடுப்பதென்று முடிவு செய்தால் அந்த ஐந்து படங்களையும் திருத்தாமல், பெயர்கூட மாற்றாமல், மெமரி கார்டிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். 'படம் வெளுக்கிறது' என்று சொன்னால் அவர் கேமராவின் தலையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். 'எஃப் 4-இல் சரியாக வருகிறது, எஃப் 16-இல் நாலு ஸ்டாப் கூடுகிறது, வேறு லென்ஸில் இந்தக் குறை இல்லை' என்று சொல்லிப் படங்களையும் காட்டினால், அவர் முதலில் கையில் எடுப்பது லென்ஸாகத்தான் இருக்கும்.